கோதுமை இல்லாத பெட்டி

“இத யாரு திங்கிறா?”

சாரதா அந்த அட்டைப் பெட்டியை லோரி சீட்டில் நிமிர்த்தி வைத்தாள். புருஷனின் குளிர்ச்சட்டைக்கு அடியில் ஒளிந்திருந்த பெட்டி. முன்பக்கம் ஒரு கிண்ணம், பால், அதில் மிதக்கும் ஏதோ உருண்டைகள்.

குகனேஸ்வரன் குளிர்ச்சட்டையை எடுத்து மடித்தார். ஈப்போவில் முட்டைக்கோஸ் இறக்கிவிட்டு அப்போதுதான் திரிங்காப்பில் உள்ள வீட்டுக்குத் திரும்பியிருந்தார்.

வீட்டில் சின்னப் பிள்ளை கிடையாது. ஒரே மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். இந்த மனிதருக்கோ காலையில் ரொட்டி சானாய் இல்லாவிட்டால் லோரியே ஸ்டார்ட் ஆகாது.

“தவுக்கேக்கு வாங்குனேன்” என்றார்.

முதலாளிக்கு எழுபத்திரண்டு வயது. காலையில் கறுப்புக் கோப்பியும் சிகரெட்டும்தான். சாரதா அதைச் சொல்லிக் காட்டவில்லை. கையை நீட்டினாள்.

“போன குடுங்க.”

உடனே கொடுத்துவிட்டார். அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. தப்பு செய்யாதவன் கொஞ்சமாவது முறைத்துவிட்டுத்தானே கொடுப்பான்?

வாட்சப்பில் ‘தோட்டம்’ என்று ஒரு பெயர். உள்ளே படம் படமாக அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பதில். இது வேணாம், பார்லி இருக்கு. இதுல கோதுமை இல்ல, ஆனா புரோட்டின் ரொம்பக் கம்மி. இதுவும் வேணாம். கடைசிப் படத்துக்கு மட்டும், இதான் இதான்.

“தோட்டம் எப்பலேருந்துங்க வாட்சப் அனுப்புது?”

அவர் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

சாரதா ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். “எடுங்க லோரிய. யாருக்கு வாங்குனீங்களோ அங்கயே போலாம்.”

“இன்னிக்கு வேணாம்லா, சாரதா.”

“எடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை. கியா பார்ம் வரைக்கும் ஊர் பார்க்க வந்தவர்களின் கார்கள் நீளமாக நின்றன. லோரி ஊர்ந்தது. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று. கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஒரு பிள்ளைக்குத்தானாம். ஏழு வயசாம். கோதுமை, பார்லி ரெண்டும் அதன் உடம்புக்கு ஆகாதாம். ரொட்டி, பிஸ்கட், மீ நூடுல்ஸ் எதைத் தின்றாலும் வயிறு உப்பி, உடம்பு கரைகிறதாம்.

“சோறு ஆக்கிப் போட வேண்டியதுதானே?”

மத்தியானமும் ராத்திரியும் சோறுதானாம். காலையில்தான் தொல்லை. அம்மாக்காரி ஆறு மணிக்கே தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய்விடுகிறாள். ஸ்கூல் வேன் வருவதற்குள் பிள்ளை தானே பால் ஊற்றிச் சாப்பிட வேண்டும். உடம்பு தேற வேண்டும், புரோட்டின் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம்.

“அவங்கம்மா எத்தன மணிக்குக் கெளம்புதுன்னு வரைக்கும் தெரிஞ்சி வச்சிருக்கீங்க. நான் எத்தன மணிக்கு எந்திரிக்கிறேன், சொல்லுங்க பாப்போம்.”

அவருக்குத் தெரியவில்லை. ரோட்டைப் பார்த்தார்.

கியா பார்ம் தாண்டியதும் அவராகவே ஆரம்பித்தார். ஈப்போவில் ஏழு கடை ஏறி இறங்கினாராம். கோதுமை இல்லாததில் புரோட்டின் இல்லை. புரோட்டின் இருப்பதில் கோதுமை இருக்கிறது. முன்பக்கம் பெரிதாக ஒன்று போடுகிறான், பின்பக்கம் பொடி எழுத்தில் வேறொன்று போடுகிறான். ரெண்டும் சரியாக வந்தது ஏழாவது கடையில்தான்.

“வீட்டு கரண்ட் பில்ல நான்தான் படிச்சிச் சொல்லணும்” என்றாள் சாரதா. “எனக்குச் செருப்பு வாங்கணும்னா ஒரு கடை ஏற மாட்டீங்க.”

அவர் கியரை மாற்றினார். அவள் மனசுக்குள் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். நாளைக் காலையில் ஜொகூர் பஸ். மகனிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் பிடிபடவில்லை.

“அந்தப் பொம்பள பேரு என்ன?”

“போய்ப் பாரு.”

“பேரச் சொல்லுங்க.”

“சொன்னா நீ எறங்கிடுவ.”

லோரி தேயிலைத் தோட்டத்துப் பாதையில் திரும்பியது. தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த ஒரு லயத்தின் முன்னால் நின்றதும், சத்தம் கேட்டு ஒரு பையன் ஓடி வந்தான். கால் ரெண்டும் குச்சி. சட்டை தோளில் நிற்கவில்லை.

சாரதா அவன் முகத்தைத்தான் பார்த்தாள். காது, நெற்றி, தாடை. எதிலாவது குகனேஸ்வரன் இருக்கிறாரா என்று துழாவினாள். மூக்கில் வந்து நின்றாள். அது அவர் மூக்கு இல்லை. அவளுடைய மூக்கு.

“பெரியப்பா, கெடச்சிச்சா?”

பெட்டி சாரதாவின் மடியில் இருந்தது. பையன் ஜன்னலுக்கு நேராக ரெண்டு கையையும் நீட்டினான். பெட்டியை வைத்திருப்பது யார் என்று அவனுக்குத் தெரியாது.

“ஷர்வின், ஓடாதடா” என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி வாசலுக்கு வந்தாள். லோரிக்குள் யார் என்று பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

சுபத்ரா. சாரதாவின் கூடப் பிறந்த தங்கச்சி.

எட்டு வருஷம். அம்மாவின் கருமாதி அன்று பந்தியில் வாய்ச்சண்டை, அதோடு சரி. பிள்ளை பிறந்த செய்தி வந்தபோதும் சாரதா போகவில்லை. அவள் எந்தத் தோட்டத்தில் இருக்கிறாள் என்றுகூடக் கேட்டதில்லை. கருமாதி முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் புருஷனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: அவ ரோட்டுல மழையில நனைஞ்சிக்கிட்டு நின்னாலும் நீங்க லோரிய நிறுத்தக் கூடாது.

கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில், அவள் சொல்லி அவர் கேட்காதது அது ஒன்றுதான்.