நாலாவது பக்கெட்

"அந்த ஐஸை உள்ளே போட்டுடாதே ஷ்யாமா! அது பச்சைத் தண்ணி!"

கஸ்தூரிரங்கன் போட்ட சத்தத்தில் மனைவி ஷ்யாமளாவின் கையிலிருந்த ஐஸ் பை நழுவி பாத்டப்பில் விழுந்தது.

"உள்ளே யார் போட்டா? டப்லதானே கொட்டறேன்" என்றாள் அவள். "வெளியே பாட்டியோல அவ்ளோ ஸ்னோ கிடக்கு. அங்கே வெச்சா தானா ஆறிடாதா?"

"ஸ்னோ உருகி பானையைச் சுத்தி கேப் விழுந்துடும். மெதுவாத்தான் ஆறும். அதுக்குள்ள கிருமி பூந்துடும்."

பாத்டப்பின் நடுவில் பெரிய எவர்சில்வர் பானை. அதற்குள் கோதுமையும் பார்லியும் ஊறவைத்து, வடித்து, கொதிக்கவைத்த தண்ணீர். ஈஸ்ட் போடும்வரை அது பீர் இல்லை. வீட்டில் அதற்குப் பெயர் கஷாயம். ரங்கன் முட்டி போட்டு உட்கார்ந்து, பானையைச் சுற்றியிருந்த ஐஸ் தண்ணீரைக் கையால் அளைந்தபடி தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இது நாலாவது முறை. முதல் முறை புளித்தபோது குழாய்த் தண்ணீரைக் குறை சொன்னான். அடுத்த முறை தண்ணீரை முந்தின நாளே கொதிக்கவைத்து ஆறவைத்தான். அதுவும் புளித்தது. மூன்றாவது முறை, ஆறுவதற்கு நேரமாகிவிட்டது என்றான். மூன்றும் சிங்க்கில்தான் போயின.

போன் அடித்தது. ஈரக் கையோடு ஸ்பீக்கரில் போட்டான். ஜெர்சி சிட்டியிலிருந்து நண்பன் நஞ்சுண்டன்.

"என்னடா, ஃபாக்டரி ஓடுதா?"

"ஆறிட்டிருக்கு."

"ஹாப்ஸ் பூவை ஜாஸ்தி போடு, கசப்பு இருந்தா புளிக்காதுன்னேனே. போட்டியா?"

"கம்மியாத்தான் போட்டேன்."

"நீ உருப்படவே மாட்டே! போன தடவை ஒரு வாய் குடுத்தியே, அதுல மோர்க்குழம்பே வெச்சிருக்கலாம். பேசாம கடையில ஒரு சிக்ஸ்-பேக் பீர் வாங்கேன்டா."

ரங்கன் மறுபடியும் ஐஸ் தண்ணீரை அளைய ஆரம்பித்தான்.

"சாரிடா... மறந்துட்டேன்" என்று நஞ்சுண்டன் போனை வைத்துவிட்டான்.

மறக்கிற விஷயமா அது? போன வருஷம், பின் சீட்டில் மகள் தீக்ஷா உட்கார்ந்திருக்க, குடித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய் ரூட் ஒன் நெடுஞ்சாலையில் நடுத்தடுப்பில் மோதினான். குழந்தையின் நெற்றியில் தையல். அவனுக்கு லைசென்ஸ் போயிற்று. கொஞ்ச நாளில் வேலையும் போயிற்று. ஆஸ்பத்திரியில் குழந்தையின் தலையில் கை வைத்து அவன் சொன்னான்: "இனிமே என் கையால நானே காய்ச்சினதைத் தவிர வேற ஒரு சொட்டு தொட மாட்டேன்."

அப்போது அவனுக்கு டீகூடப் போடத் தெரியாது.

"ஷ்யாமா..." ரங்கன் தலையைத் தூக்காமலே கேட்டான். "இந்தத் தடவை நல்லா வந்துட்டா?"

"வரட்டுமே. குடிங்க. சத்தியத்துல அதுக்கு எடம் இருக்கே."

"ஒண்ணோட நிறுத்தற ஆளா நான்?"

அவள் காலி ஐஸ் பையை மடித்தாள். "அப்புறம் எதுக்கு இதையே கட்டிண்டு அழறீங்க?"

"தெரியலையே. வேண்டாம்னுதான் ஒவ்வொரு தடவையும் நினைக்கறேன். மறுபடியும் தண்ணியைக் கொதிக்க வெச்சுடறேன். நான் எதுக்கும் லாயக்கில்லை ஷ்யாமா."

"சும்மா இருங்க. நல்லா வரும்."

அவன் முகம் இன்னும் வாடியது.

கஷாயம் ஆறியதும் பானையைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய், பக்கெட்டில் ஊற்றி ஈஸ்ட்டைத் தூவினான். அவள் பாத்ரூம் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே மூடி வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் கிளப்ஹவுஸுக்கு நடந்து போய் தீக்ஷாவைக் கூட்டிண்டு வரேன். டான்ஸ் கிளாஸ் முடிஞ்சிருக்கும்" என்று ரங்கன் வாசலிலிருந்து குரல் கொடுத்தான். "ஸ்னோல கொஞ்சம் ஆடுவா. மெதுவாத்தான் வருவோம்."

கதவு சாத்திக்கொண்டது. ஷ்யாமளா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவன் பனியில் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பாமல் போய்க்கொண்டிருந்தான்.

அவள் சமையலறைக்கு வந்து, மற்ற மூன்று முறையும் செய்ததைப் போலவே ஃபிரிட்ஜைத் திறந்து, பக்கெட்டில் ஒரு கரண்டி விடுவதற்காக உறை மோர்க் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினாள். கிண்ணம் அங்கே இல்லை.

திரும்பினாள். பக்கெட்டின் மூடி அழுத்தப்படாமல் சும்மா மேலே வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் மோர்க் கிண்ணம், அதற்குள் அவள் ஒவ்வொரு முறையும் கழுவிக் கவிழ்த்துவிடும் அதே நீளக் கரண்டி.