பூரணத்தின் சம்மதம்

மாநிலப் பயிர்க் குழுவில் ஊருக்கு ஒரு விவசாயி உறுப்பினர். மேலவயலுக்குப் பூரணம். ஆனால் கூட்டத்துக்கு அவள் போக வேண்டியதில்லை. அவள் பேசுவதையெல்லாம் அவள் கைபேசி வழியே கேட்டுப் பழகிய கணினிக் குரல்பிரதி ஒன்று அவளுக்குப் பதிலாகப் பேசும், ஓட்டும் போடும்.

இனி ஐந்து வருஷம் மேலவயலுக்கு வாய்க்கால் தண்ணீர் கிடையாது என்று உத்தரவு வந்ததும் அவள் பதறிப்போய் வேளாண்மை அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி கூட்டத்தின் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"எங்களுது மேட்டு நிலந்தானுங்க. கீழ இருக்கறவங்களுக்கே தண்ணியக் குடுத்துடுங்க."

அவள் குரலேதான். அந்த இழுவைகூட அவளுடையதுதான்.

"நான் இப்படிச் சொல்லவே இல்லீங்க, சார்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்கம்மா. அதத்தான் அது சொல்லியிருக்கு."

"அப்ப இப்பவே மறுப்பு எழுதித் தரேன்."

"தாங்க. ஆனா குழுவுல உங்களுக்காக அதுதான் பேசும்." அவர் தயங்கினார். "இந்தப் பதிவ உங்க ஊர்ல எல்லாருக்கும் அனுப்பியாச்சும்மா."

பஸ் மேலவயலில் நின்றபோது நிறுத்தத்தில் ஊரே திரண்டிருந்தது. பூரணம் இருக்கையைவிட்டு எழவில்லை.

"இறங்கலியாம்மா?" என்றார் கண்டக்டர்.

மடியிலிருந்த கைபேசி கேட்டுக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து பதில் சொல்லவே அவளுக்குப் பயமாக இருந்தது.