வெள்ளைத் தலையணை உறை

செங்கோடன் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தான். பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஒருநாள் சிறுநீரில் ரத்தம் போனது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய்க் கட்டி என்று ஆர்.எஸ்.புரத்து டாக்டர் கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டார்.

"வருஷக்கணக்கா டீசல் புகையிலயே உக்காந்திருந்தீங்க. அதுவும் ஒரு காரணமா இருக்கலாமுங்க" என்றார்.

செங்கோடன் வேலையை விட்டுவிட்டு, காங்கேயத்துப் பக்கம் மனைவி சென்னியம்மாள் பார்த்துவந்த தென்னந்தோப்புக்கே வந்துவிட்டான். அங்கே பஸ் கிடையாது. ஆனாலும் காலையில் எழுந்தால் அவனுடைய தலையணை உறையில், வாய் பட்ட இடத்தில், கரி படிந்திருந்தது. டீசல் வாடை அடித்தது.

அவன் பயந்துபோனான். சென்னியம்மாள் அசரவில்லை.

"உள்ள இருந்தது வெளிய வருதுங்க. வரட்டும், நான் தொவச்சுப்போடறேன்."

அவள் சொன்னபடியே கரி நாளுக்கு நாள் குறைந்தது. கட்டி திரும்ப வரவில்லை என்று டாக்டரும் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை அவனுடைய உறை வெள்ளை வெளேரென்று இருந்தது. அவன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

சென்னியம்மாள் நிம்மதியாகத் தன் பாயைச் சுருட்டத் திரும்பினாள். அவளுடைய தலையணையில் கரி படிந்திருந்தது.

"இதும் போயிரும்" என்று சொல்லிக்கொண்டாள். அவன் விழிப்பதற்குள் உறையை உருவித் துவைத்துக் கொடியில் காயப்போட்டுவிட்டு, பால் கறக்கப் போனாள்.