வெல்லக்கூடிய ஆள்

“நல்ல மனுசிதான். ஆனா வெல்லமாட்டா.”

விநாயகமூர்த்தி இப்படித் தொடக்கி வைத்தார். கட்சித் தலைவர் போட்டியில் இருவர் நின்றார்கள். அஜின்கோர்ட் என்ற கனடியப் புறநகரில், அவருடைய வரவேற்பறையில், பதினொரு தமிழர் கூடி அந்த இருவரையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவர் வைட்டேக்கர். பெரிய வழக்கறிஞர். ஆறடி உயரம், அளவாக நரைத்த தலை, ரி.வி.க்கென்றே செய்வித்தது போன்ற தாடை.

மற்றவர் மிஸிஸ் வாட்லி, பக்கத்துத் தொகுதி எம்.பி. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்திறங்கிய தமிழருக்கு, எந்தத் தொகுதி என்று கேளாமலே குடிவரவுக் கந்தோருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். விநாயகமூர்த்தியின் மனைவி கோணேஸ்வரியை மட்டக்களப்பிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தவை அப்படி எழுதிய ஒன்பது கடிதங்கள்.

“குரல் கீச்செண்டு இருக்கு. ரி.வி.யில எடுபடாது,” என்றார் கஸ்பர்.

“பிரெஞ்சும் சரியா வராது கா,” என்றார் கந்தப்போடி. அவருக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது.

“ஓடுறது துருப்பிடிச்ச கார். பிரதமர் எண்டால் ஒரு தோரணை வேணுமெல்லோ,” என்றாள் யோகமலர். “வைட்டேக்கரைப் பாருங்கோ. கை குடுக்கேக்கை எங்களைப் பாக்கிறேல்லை, எங்களுக்குப் பின்னால எங்கையோ பாக்கிறார். தலைவர் எண்டால் அப்பிடித்தான்.”

முதல் வசனம் அறையைச் சுற்றி வந்தது. கஸ்பரிடம் அது ‘நல்ல மனுசி, எண்டாலும்’ என்றிருந்தது. கந்தப்போடியிடம் ‘நல்ல மனுசிதான், வெல்ல ஏலா’ என்றாயிற்று. யோகமலரோ ‘நல்லவ, அதுதானே பிரச்சினை’ என்றாள். பாடம் வேறுபட்டதே தவிரப் பொருள் வேறுபடவில்லை. முடிவில் மட்டும் எல்லோரும் ஒரே பாடத்தைச் சொன்னார்கள்:

“எனக்கு ஒண்டுமில்லை. சனத்தைத்தான் சொல்லுறன்.”

அந்தச் சனம் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறையிலிருந்த எவருக்கும் பொதுத் தேர்தலில் வாக்கில்லை. குடியுரிமைக்கு இன்னும் காலம் கிடந்தது. கட்சியில் சேர அது வேண்டியதில்லை என்பதால், அவர்கள் தொகுதியில் அறுபத்து மூன்று தமிழர் சேர்ந்திருந்தார்கள். சேர்த்தவர் விநாயகமூர்த்தி.

தேத்தண்ணித் தட்டோடு வந்த கோணேஸ்வரி கேட்டாள்: “அப்ப அந்த ஒன்பது கடிதம்?”

“நன்றி வேறை, அரசியல் வேறை. தோக்கிற ஆளுக்குப் பின்னால போனால் நாளைக்கு ஆர் எங்களைத் திரும்பிப் பாப்பினம்?”

விநாயகமூர்த்திக்கு வேறொரு கணக்கும் இருந்தது. வைட்டேக்கரின் அமைப்பாளர் புரூஸிடம், அறுபத்து மூன்று பேரும் உங்கள் பக்கந்தான் என்று கைகொடுத்துச் சொல்லியிருந்தார். பதிலுக்கு, தலைவரைத் தெரிவுசெய்யும் ஒட்டாவா மாநாட்டுக்குப் போகும் வைட்டேக்கர் அணிப் பேராளர் பட்டியலில் கடைசிப் பெயராக அவருடைய பெயர் ஏறியிருந்தது. பட்டியல் வென்றால் அவர் பேராளர். புதுக் கோட்டும் வாங்கியாயிற்று.

“அப்ப முடிவு?” என்றார்.

பதினொரு கையும் உயர்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவாலய மண்டபத்தில் வாக்கெடுப்பு. பனி கொட்டியும் அறுபத்து மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வைட்டேக்கர் பட்டியல், வாட்லி பட்டியல் என்று சீட்டில் இரண்டே கட்டம். ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போனார்கள். வெளியே வந்து விநாயகமூர்த்தியைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவரும் திருப்பித் தலையாட்டினார். கடைசியாகத் தாமும் போய், சீட்டை நாலாக மடித்துப் போட்டுவிட்டு வந்தார்.

நாலு மணிக்கு முடிவை வாசித்தார்கள்.

வைட்டேக்கர், நாற்பத்தொன்று. வாட்லி, எழுபத்திரண்டு.

புரூஸ் அவரை ஒரு மூலைக்கு அழைத்துப்போய் ஆங்கிலத்தில் மிக மரியாதையாகக் கேட்டார்: “மூர்த்தி, நான் காரில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். எங்களுக்கு விழுந்ததும் நாற்பத்தொன்று. உங்கள் அறுபத்து மூன்று பேரும் எங்கே?”

கார் நிறுத்துமிடத்தில் விநாயகமூர்த்தி தம்முடைய ஆட்களை மறித்துக்கொண்டார்.

“கை தூக்கினனியள் எல்லோ? தலையாட்டினனியள் எல்லோ? விழுந்த நாற்பத்தொண்டும் புரூஸ் ஏத்திக்கொண்டு வந்த ஆக்களின்ரையாம். உங்களை நம்பி, அந்த மனுசனுக்கு முன்னால என்ர மானம் போச்சு. சொன்ன சொல்லுக்கு நிக்கிற சாதியே நாங்கள்?”

கஸ்பர் சப்பாத்து நுனியால் பனியைக் கிண்டினார். யோகமலர் கையில் போட்டிருந்த கையுறையைக் கைப்பையில் தேடினாள். கந்தப்போடி பாவம், “வெண்டது நல்ல மனுசிதானே கா,” என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

“நல்ல மனுசி. ஆர் இல்லையெண்டது?” என்று விநாயகமூர்த்தி காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

உள்ளே கோணேஸ்வரி விரல்களை மடக்கியும் நீட்டியும் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தாள்.

“புரூஸ் ஏத்திக்கொண்டு வந்தது நாற்பத்தொரு பேர் எண்டவர், என்ன?”

“ஓம்.”

“விழுந்ததும் நாற்பத்தொண்டு.”

“ஓம், ஓம். அதைத்தானே சொல்லுறன். எங்கட சனம் ஒண்டாவது...”

“அப்ப உங்கட வோட்டு எங்கை?”

இயந்திரம் சூடேறி, முன்கண்ணாடிப் பனி கரைந்து, வழி தெரியும் வரைக்கும் அவர் சூட்டுக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அறுபத்திரண்டு பேரும் வைட்டேக்கருக்குப் போடேக்கை,” என்றார், “நான் ஒராள் அவவுக்குப் போட்டால் அவ வெல்லவா போறா எண்டு நினைச்சன்.”