கூட்டினால் எட்டு

திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி போனில் போட்ட சத்தத்தில், பெங்களூரில் இருந்த மகள் பிரீத்திகாவின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

“பில் போடுற சாப்ட்வேர் மறுபடியும் கிளவுடுக்குள்ள போக மாட்டேங்குது தாயி! சீசன் நேரத்துல லோடு நிக்குது!”

“போர்ட் நம்பர், அதான் சர்வருக்குள்ள போற வாசல் நம்பர், மாறியிருக்குப்பா. 8450 போடுங்க.”

“ஏ, கூட்டினா எட்டுல வருது! அந்த நம்பர்ல தொறந்தா அணுகுண்டு வெடிகூடப் புஸ்ஸுனு போயிரும். வேற வையி!”

“சர்வர்லயும் மாத்தணுமே. நேரமாகும், லைன்லயே இருங்க. அம்மாவுக்கு முட்டுவலி எப்படியிருக்கு? நீங்க சாப்பிட்டீகளா?”

மாத்திரையில் தொடங்கி, அம்மா பொரித்த நெத்திலி வரை அப்பா அளந்து தள்ளினார். 8451 போட்டதும், “ஒம்பது! ஓடுதும்மா!” என்று போனை வைத்துவிட்டார்.

போர்ட்டை மாற்ற அரை நிமிடம் போதும். இந்த வெள்ளிக்கிழமை காலையில் 8450 வைத்ததும் பிரீத்திகாதான். அவள் சும்மா கூப்பிட்டால், “கம்பெனில இருக்கேன், வைக்கேன்” என்பதோடு சரி; தொழில் என்றால் மட்டுமே அப்பாவுக்கு வாய் திறக்கும்.

ஓய்ந்த போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு 8459 என்று முடிவு செய்தாள்.

அதையும் கூட்டினால் எட்டு.