கை தூக்காத வகுப்பு

"ஏழெட்டு ஐம்பத்திநாலாம் மேடம்! போர்டுல கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்காங்க, உங்க மூணாங் கிளாஸ் டீச்சர்!"

என்ஜினியர் மேஜையில் தட்டிய தட்டில் தலைமையாசிரியையின் பேனா உருண்டு கீழே விழுந்தது. மனிதர் பாலம் கட்டுகிறவர். வீட்டில் சுவரில் மாட்டிய படம் அரை விரல் சாய்ந்திருந்தாலும் நேராக்கிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். போதாக்குறைக்குப் பெற்றோர் சங்கத் தலைவர் வேறு. கேட்கவா வேண்டும்!

"நேத்து பொண்ணுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்தப்போ என் ரெண்டு கண்ணால பார்த்தேன். வீட்டுல கேட்டா, 'அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா'ன்னு மழுப்பறா. டீச்சர் மேல அவ்வளவு பயம் குழந்தைக்கு!"

தலைமையாசிரியை நிதானமாகக் குனிந்து பேனாவை எடுத்தார். "அவங்க வேணும்னுதான் சார் தப்பா எழுதறாங்க."

என்ஜினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேணும்னா?"

"வாங்க, காட்டறேன்."

இருவரும் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றார்கள். உள்ளே டீச்சர், நாற்பத்தாறும் இருபத்தேழும் அறுபத்திமூன்று என்று கூட்டி எழுதிவிட்டு, "சரிதானே?" என்று சாக்பீஸ் தூளை உதறினார்.

வகுப்பே கப்சிப். முதல் பெஞ்சில் என்ஜினியரின் மகள் கையைக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தீங்களா! என் பொண்ணே மண்டை குழம்பி உட்கார்ந்திருக்கா. வீட்டுல கேள்வியை முடிக்கறதுக்குள்ள பதில் சொல்றவ மேடம் அவ!"

"கொஞ்சம் பொறுங்க சார்."

கடைசி பெஞ்சில் ஒரு சின்னக் கை காது வரைக்கும் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"டீச்சர்... எழுபத்திமூணு இல்லையா?"

"அட ராமா... ச்சே, ஆமாம்!" டீச்சர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நல்ல வேளை நீ பார்த்தே! வா, நீயே வந்து திருத்து."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து திருத்தினாள். வகுப்பு கைதட்டியது.

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷம் புதுசா சேர்ந்த பொண்ணு. பழைய ஸ்கூல்ல ஏதோ தப்பா பதில் சொன்னதுக்கு, மொத்த கிளாஸையும் விட்டுச் சிரிக்க வெச்சிருக்காங்க. அன்னைக்கு வாயை மூடினவதான். இங்க வந்து பேர் கேட்டாக்கூடப் பதில் வராது. டீச்சரே தப்பு பண்ணலாம், பண்ணினா வானம் இடிஞ்சு விழாதுன்னு அவ கண்ணால பார்க்கட்டும்னு இவங்க எடுத்த வழி இது. இப்பதான் நாலு வார்த்தை பேசறா. சரியான விடையை எல்லாரையும் எழுத வெச்சிட்டுத்தான் போர்டையே அழிப்பாங்க, கவலைப்படாதீங்க."

"ரொம்ப அழகா இருக்கு! ஒரு குழந்தைக்காக மத்த பிள்ளைங்க முட்டாளாகணுமா? நான் கட்டற பாலத்துல ஒரு கணக்கு தப்பினா ஊரே ஆத்தோட போயிடும் மேடம். மனசாம், மண்ணாங்கட்டியாம்! நாளைக்கே சங்கத்தைக் கூட்டறேன். இந்த டீச்சரை மாத்தியே ஆகணும்."

"மாத்தினா அந்தப் பொண்ணு திரும்பவும் வாயை மூடிக்குவா சார்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"கூட்டுங்க. நானும் வந்து இதையேதான் சொல்வேன்."

சொல்வது சுலபம். சங்கம் ஒரு முடிவெடுத்தால் நிர்வாகம் தட்டாது. போன வருஷம் டிராயிங் மாஸ்டர் மூட்டை கட்டியது அப்படித்தான்.

சாயங்காலம் மகள் காரில் ஏறியதும் ஏறாததுமாக என்ஜினியர் ஆரம்பித்தார்.

"நாற்பத்தாறும் இருபத்தேழும் எவ்வளவுடா கண்ணு?"

"எழுபத்திமூணு." கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

சாவியைத் திருப்பப் போனவர் அப்படியே நிறுத்தினார். "அப்ப ஏன் கிளாஸ்ல இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருந்தே?"

"ஐயோ, நீங்க எப்பப்பா பார்த்தீங்க?"

"பேச்சை மாத்தாதே. சொல்லு."

மகள் கார்க் கண்ணாடியை மேலே ஏற்றினாள். ரகசியம் பேசப் போகிறாளாம்.

"முதல்ல நான்தான்பா டக்குனு கையைத் தூக்குவேன். டீச்சர் என்னைப் பார்க்காத மாதிரி கடைசி பெஞ்சையே பார்ப்பாங்க. ஒருநாள் நானும் திரும்பிப் பார்த்தேன். அந்தப் புதுப் பொண்ணோட உதடு அசையுது, சத்தம் மட்டும் வரல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. கையைக் கீழே போட்டுட்டேன். அன்னைக்குத்தான் அவ முதல் முதலா பேசினா."

"மத்த பசங்க?"

"இன்டர்வல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அவ தூக்கற வரைக்கும் யாரும் தூக்கக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். கை பரபரன்னு இருக்கும்பா! அதான் கட்டிக்கிட்டு உட்கார்ந்துக்கறது."

என்ஜினியர் சாவியிலிருந்து கையை எடுத்தார். மகளை நினைத்துப் பெருமை, தன்னை நினைத்து வெட்கம், இரண்டும் ஒன்றாக வந்து நின்றன.

போன் அடித்தது. சங்கச் செயலாளர். "சார், நாளைக்கு மீட்டிங்னு எல்லாருக்கும் சொல்லிடட்டுமா?"

"மீட்டிங்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்யா. அந்த டீச்சர் அதே கிளாஸ்லயே இருக்கட்டும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு மகளின் தலையை வருடினார். "உங்க டீச்சரை நாளைக்கு நேர்ல பார்த்து, பிள்ளைங்களுக்கு இவ்வளவு நல்ல மனசைச் சொல்லிக் கொடுத்திருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்பா!" மகள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அவங்க வேணும்னுதான் தப்பு பண்றாங்கன்னு எங்களுக்குத் தெரியும்ங்கறது அவங்களுக்குத் தெரியாது. பாவம்பா, தெரிஞ்சா வருத்தப்படுவாங்க!"