ஒரே ஆள்

ஸ்பிரிட் பட்டதும் கண்ணே கரைந்து போனது.

பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த போஸ்டரின் முன்னால், பஞ்சும் கையுமாக அவர் விக்கித்து நின்றார். மேலே கிறுக்கியிருந்த கறுப்பு மையை மட்டும் எடுக்கத்தான் நினைத்தார். தண்ணீருக்குப் போகாத மை. தன் சலூனில் கத்தி துடைக்கிற ஸ்பிரிட், அச்சையும் சேர்த்து அழித்துவிடும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்தது அவர் மனைவி.

‘நோய்க்கு நிறம் கிடையாது. நம்மைக் காப்பவரை வெறுக்காதீர்.’ அரசாங்கம் இப்படி அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியபோது, ஆஸ்பத்திரி நர்ஸுகளில் அவளைத்தான் படமெடுத்தார்கள். கடல் தாண்டி வேலைக்கு வந்து, இந்த ஊர்க்காரரான அவரைக் கட்டிக்கொண்டவள். நிறம் வேறு, முகவெட்டு வேறு. சிரிப்பு மட்டும் எல்லோருக்கும் புரிகிற சிரிப்பு.

ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்ததால், வாடிக்கையாளர்களைப் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பெருமையடித்துக்கொண்டார்.

அப்புறம்தான் பேனாக்கள் வந்தன.

அவள் ஏறும் ஆறு மணி பஸ்ஸுக்கு முன்னால் வந்து துடைத்துவிட்டுப் போவது பத்து நாளாக அவர் வழக்கம். வீட்டில் வாக்கிங் என்று சொல்லியிருந்தார். “நடந்து நடந்து தொப்பைதாங்க வளருது” என்று அவள் கேலி செய்தாள்.

நேற்று அசந்து தூங்கிவிட்டார். அவள் பார்த்துவிட்டாள்.

பார்த்தது கீறிய கண்களை மட்டும்தான். அதற்கே வேலைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டாள். வெகுநேரம் கழித்துக் கேட்டாள்.

“எத்தன பேருங்க இருப்பாங்க? மூச்சு வாங்க முடியாம என் கையப் புடிச்சுக்கிறவங்களப் பார்த்தாக்கூட, இவங்களா இருக்குமோன்னு தோணுமே. அப்புறம் எப்படிங்க நான் ஊசி போடறது?”

ராஜினாமாக் கடிதம் சாப்பாட்டு மேஜையில் மடித்து இருக்கிறது. இன்று பத்து மணிக்குக் கொடுக்கப் போகிறாள்.

எத்தனை பேர் என்பது துடைத்தவருக்குத் தெரியாதா? சிவப்பு மை ஒருவர். கறுப்பு மையில் இரண்டு விதமான கையெழுத்து. நகத்தால் கீறியவர் வேறு. மேலே எட்டாமல், தாடைக்குக் கீழே கோணல் மாணலாக எழுதியது ஏதோ ஒரு சின்னப் பிள்ளை.

“கைய எடுங்க!”

வெறுப்புத் தடுப்புப் பிரிவின் மஞ்சள் சட்டையில் ஓர் இளம்பெண் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தாள். போஸ்டரின் அடியில் இருந்த நம்பருக்கு, எதிர்மாடியிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். போஸ்டரில் கண் இல்லாத முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த கறுத்த பஞ்சைப் பார்த்தாள்.

“பத்து நாளா எங்கள அலைய விட்டீங்களே, பெரிய மனுஷா! நீங்க ஒரே ஆளா, இல்ல கூட்டமா? கூட்டம்னா, ‘நெறைய பேரு, தேடிட்டிருக்கோம்’னு படத்துல இருக்கிற அந்தம்மாகிட்ட சொல்லணும். ஒரே ஆள்னா, ‘புடிச்சாச்சு’ன்னு முடிச்சிடலாம். உங்க பேரச் சொல்ல மாட்டோம். அது ரூல்ஸ்.”

நான் அவ புருஷன் என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார்.

“ஒரே ஆள்தாங்க” என்றார். “எல்லாம் நான்தான்.”

எச்சரிக்கைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினாள். அங்கேயே நின்று, ஸ்பீக்கரில் போட்டுப் போனும் செய்தாள். பிடித்துவிட்டோம், ஒரே ஆள்தான் என்றாள்.

“நெஜமாவா மேடம்? ஒருத்தரேதானா?” மனைவியின் குரல் உடைந்து, பிறகு லேசானது. “எங்க வார்டுல யாரையாவது பறிகொடுத்திருப்பாரு. பாவம், விட்டுடுங்க. நான் நாளைலேருந்து டியூட்டிக்குப் போயிடறேன்.”

அவள் காதில் விழுந்துவிடுமோ என்று அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

“கேட்டீங்கல்ல?” போனை உள்ளே வைத்துவிட்டு, மஞ்சள் சட்டைக்காரி புதுப் போஸ்டரைப் பிரித்தாள். “இனிமே இந்த ஸ்டாப்பிங் பக்கம் உங்களப் பார்த்தேன்னா நேரா கேஸ்தான்.”

தலையாட்டினார். நாளைக் காலை இதைத் துடைக்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஸ்கூட்டர் போனது. பசை காய்வதற்குள் முதல் பஸ்ஸுக்கு ஆட்கள் வந்து இடைவெளி விட்டு நின்றார்கள். எல்லோரும் அவர் கையால் முகம் மழித்துக்கொண்டவர்கள். இவர்களா இருக்குமோ என்று இப்போது அவருக்குத் தோன்றியது.

இரண்டு பேர், கடையை எப்போது திறப்பீர்கள் என்று அன்பாக விசாரித்தார்கள்.